முதலில் அளவு, பிறகு செலவு

இந்தியாவில் குடியிருப்புகளுக்கென்று தனியாக ஓர் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு 2018 டிசம்பரில்தான் வந்தது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் வெளியிட்ட அந்தத் தொகுப்பு, கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம், சுவரும் சன்னலும் சேர்ந்து எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று எண்களோடு வரம்பு கட்டுகிறது. அது பேசுவது இனிமேல் கட்டப்போகும் வீடுகளைப் பற்றி. ஏற்கெனவே கட்டி, பால் காய்ச்சி, குடியேறி, மாடியும் எடுத்துவிட்ட வீடுகளின் கதை வேறு. ஒரு கான்கிரீட் வீடு ஐம்பது வருடம் நிற்கும் என்றால், இன்று ஓடும் மின்விசிறிகளில் பெரும்பங்கு இன்னும் வெகுகாலம் இதே கூரைகளுக்கு அடியில்தான் சுற்றப்போகிறது. அந்த வீடுகளில் எங்கே கை வைக்கலாம் என்று முடிவுசெய்ய ஒரு மதிப்பீடு வேண்டும். ஐரோப்பாவில் இதற்குச் சட்டமும் சான்றிதழும் உண்டு. ஆய்வாளர் வருவார், தளப்பரப்பு, சுவரின் வகை, சன்னல், கட்டிய காலம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார், மென்பொருள் ஒரு தரவரிசை எழுத்தையும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலையும் கொடுக்கும். அந்த வீடு உண்மையில் என்ன செய்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் அளக்கப்படுவதில்லை. ஆட்கள் வாழும் ஒரு வீட்டைப் புத்தகக் கணக்கை மட்டும் நம்பித் திருத்தினால் பணம் தவறான இடத்துக்குப் போகும் என்பதற்கு ஐம்பது வருடச் சான்று இருக்கிறது. அந்தச் சான்று நம் ஊர் வீடுகளுக்கு என்ன சொல்கிறது என்பதே இந்த அத்தியாயம்.

சான்றின் முதல் பகுதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. ட்வின் ரிவர்ஸ் என்ற புதிய குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1972இல் வேலையைத் தொடங்கினார்கள். எண்ணெய் நெருக்கடி வருவதற்கு ஒரு வருடம் முன்பு. இயற்பியலாளர் ராபர்ட் சோகொலோ தலைமை. தொடர் வீடுகளான அவை ஏறத்தாழ ஒரே வரைபடப்படி, ஒரே பொருள்களால் கட்டப்பட்டவை. ஒரே வெயில், ஒரே பனி. புத்தகக் கணக்குப்படி குளிர்கால எரிவாயுச் செலவு ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். மீட்டரைப் படித்துப் பார்த்தால் அதிகம் எரித்த வீடு, குறைவாக எரித்த வீட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எரித்திருந்தது. இந்த வேறுபாடு கட்டடத்தில் இருக்கிறதா, குடியிருப்பவர்களிடம் இருக்கிறதா? ராபர்ட் சாண்டரெகர் என்ற ஆய்வாளர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். சில வீடுகளில் குடும்பம் மாறியது, சிலவற்றில் அதே குடும்பம் தொடர்ந்தது. குடும்பம் தொடர்ந்த வீடுகள் செலவு வரிசையில் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தன. குடும்பம் மாறிய வீடுகளின் இடம் நன்றாகக் கலைந்துபோயிற்று. கட்டடத்தின் வெளிப்படையான வேறுபாடுகளைக் கழித்த பிறகு மிஞ்சிய வித்தியாசத்தில் பெரும்பங்கு, உள்ளே வாழ்கிறவர்களின் பழக்கத்திலிருந்து வந்தது. ஆளைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்க்கும் மதிப்பீடு எவ்வளவு தூரம் பிசகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

அதே ட்வின் ரிவர்ஸில் கட்டடமும் ஆய்வாளர்களை ஏமாற்றியது. வீட்டின் மேல்தட்டுக்கும் சாய்கூரைக்கும் இடையே ஆள் புழங்காத ஒரு பரண் உண்டு. மேல்தட்டின் மீது கண்ணாடிநார் விரிப்பு போட்டிருந்தார்கள். அதன் தடிமன் தெரியும், கடத்துதிறன் தெரியும். எவ்வளவு வெப்பம் தப்பும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் பரணில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, கணக்கு சொன்னதைவிட அந்த இடம் கதகதப்பாக இருந்தது. ஜான் பெயா, கௌதம் தத், தாமஸ் வோடெகி ஆகிய மூவரும் அந்த வெப்பம் வரும் வழியைத் தேடிப் போனார்கள். உலையின் புகைபோக்கியைச் சுற்றி விட்டிருந்த சந்து வழியாகச் சூடான காற்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்ட சுவர் உள்ளே குழிவான கற்களால் ஆனது. அடித்தளத்துச் சூடு அந்தக் குழிகள் வழியாக நேராகப் பரணுக்குப் போனது. விரிப்பைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் இவை. மென்பொருள் இருந்திருந்தால், ‘விரிப்பின் தடிமனைக் கூட்டு’ என்று சொல்லியிருக்கும். உண்மையில் செய்ய வேண்டியிருந்தது அந்தச் சந்துகளை அடைக்கும் வேலை, அதாவது குறைந்த செலவு, ஒரு நாள் கைவேலை. கவனமாகத் தேடிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்த ஒரு வீட்டில் சூடேற்றும் தேவை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று ஃபிராங்க் சிண்டன் 1978இல் எழுதினார். சுவீடனில் சன்னலில் பொருத்திப் பயன்படுத்திய காற்றுக்கசிவு சோதனை விசிறியும் சில வருடங்களில் பிரின்ஸ்டனுக்கு வந்தது. வாசலை அடைத்து விசிறியைப் பொருத்தி, உள்ளே வெளியே காற்றழுத்த வித்தியாசம் 50 பாஸ்கல் ஆகும்வரை ஓட்டினால், வீடு எங்கெல்லாம் ஓட்டையாக இருக்கிறது என்பதைக் கையை நீட்டியே உணரலாம்.

இதெல்லாம் பழைய கதை, இன்றைய மென்பொருள் தேறியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பிரிட்டனில் நூறு வருடத்துக்கு முற்பட்ட முழுச் செங்கல் சுவர்கள் ஏராளம். அவற்றின் வெப்பக் கடத்தலுக்கு மதிப்பீட்டு மென்பொருள் வெகுகாலம் 2.1 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, இத்தனை வாட் என்று பொருள்). உண்மைச் சுவர்களில் வெப்பஓட்ட உணரியை ஒட்டி அளந்தபோது சராசரி 1.3 அளவிலேயே வந்தது. சுவர் நாம் நினைத்ததைவிட நல்ல சுவர். ஆகவே அதற்கு உறை போட்டால் மிச்சமாகும் என்று சொன்ன தொகையும் மிகை. பின்னர் அந்த எண் 1.7 ஆகக் குறைக்கப்பட்டது. ஜெர்மனியில் மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் சுமார் 3,400 வீடுகளின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள்: சான்றிதழ் சொல்லும் செலவைவிட வீடுகள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே எரித்தன. மோசமான வீடு என்று முத்திரை விழுந்த வீடுகளில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். வீடு சூட்டை ஒழுகவிட்டால், குடியிருப்பவர்கள் எல்லா அறைகளையும் சூடேற்றுவதில்லை. ஓர் அறையில் ஒடுங்கிக்கொண்டு மிச்சம் பிடிக்கிறார்கள். செலவழிக்காத பணத்தை எந்தத் திருத்தமும் சேமித்துத் தர முடியாது.

மிக்சிகன் மாநிலத்து ஆய்வு இன்னும் கடுமையானது. ஏழைக் குடும்பங்களின் வீடுகளை அரசுச் செலவில் திருத்தித் தரும் திட்டம் அமெரிக்காவில் 1976 முதல் நடக்கிறது. மெரிடித் ஃபௌலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்ரின் உல்ஃப்ராம் ஆகிய பொருளியலாளர்கள் 30,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் மீட்டர் என்ன சொன்னது என்று பார்த்தார்கள். மதிப்பீட்டு மென்பொருள் வாக்களித்த சேமிப்பு, நிஜச் சேமிப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். போட்ட முதலோ கிடைத்த சேமிப்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஒரு மாநிலத்தின் கணக்கை எல்லா ஊருக்கும் நீட்ட முடியாது. அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குக் கிடைத்த உடல்நலமும் நிம்மதியும் மீட்டரில் ஏறாது என்ற மறுப்பும் நியாயமானதே. ‘மக்கள் சொகுசுக்குப் பழகி அதிகம் எரித்திருப்பார்கள், அதனால்தான் சேமிப்பு கரைந்தது’ என்ற விளக்கம்தான் நிற்கவில்லை. திருத்திய வீடுகளில் அறை வெப்பநிலை குறிப்பிடும்படி உயரவில்லை. பின்னர் இல்லினாய் மாநிலத்தில் இதே இடைவெளியைப் பிரித்துப் பார்த்த ஆய்வும், பழியின் பெரும்பங்கை மென்பொருளின் மிகைக் கணக்கிலும் திருத்த வேலையின் தரத்திலும்தான் வைத்தது. குடியிருப்பவர்களைக் குறை சொல்வது எளிது. சான்று அங்கே கைகாட்டவில்லை.

இதற்கு எதிராக அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள். நான் வாங்கப்போகும் வீட்டில் முன்பு சிக்கனமான ஒரு முதியவர் இருந்தார் என்றால், அவருடைய பில்லை வைத்து அந்த வீடு நல்ல வீடு என்று சொல்ல முடியுமா? வீடுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டுமானால் ஆளை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு கற்பனைக் குடும்பத்தை உள்ளே வைத்துக் கணக்கிடத்தான் வேண்டும். உண்மைதான். விற்பனைக்கும் வாடகைக்கும் அந்தத் தரவரிசை பயன்படும். அதை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் ‘இந்த வீடு அந்த வீட்டைவிடத் தேவலையா’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தக் குடும்பம் இந்த வீட்டில் அடுத்த பத்தாயிரம் ரூபாயை எங்கே போட வேண்டும்’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் செய்த கருவியை எடுத்து இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் மிக்சிகனில் நடந்தது நடக்கிறது.

நம் ஊருக்கு வந்தால் கணக்கின் திசையே மாறுகிறது. மேலே சொன்ன வீடுகளின் கவலை உள்ளே இருக்கும் சூடு வெளியே போவது. சென்னையிலோ திருச்சியிலோ கவலை வெளியே இருக்கும் சூடு உள்ளே வருவது. அது வரும் பெருவழி தலைக்கு மேலே இருக்கிறது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை வடக்கே சாய்ந்தே போகும். அந்த நாள்களில் தெற்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் படுவதே இல்லை. கிழக்குச் சுவருக்குக் காலையில், மேற்குச் சுவருக்கு மாலையில் கிடைக்கிறது. மொட்டை மாடிக்கு மட்டும் நாள் முழுக்க, அதுவும் நண்பகலில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். எகோ நிவாஸ் தொகுப்பு புதுக் கூரைகளுக்கு அனுமதிக்கும் கடத்தல் மதிப்பு அதிகபட்சம் 1.2. வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கும் மேல். நம் கொத்தனார்கள் அதன்மேல் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை, தட்டோடு எல்லாம் சேர்ந்தாலும் இரண்டுக்கு மேலேயே நிற்கும். இவையும் புத்தக எண்கள்தான். ஜல்லிப் படுகை எத்தனை அங்குலம் போட்டார்கள், அது தண்ணீர் குடித்து ஈரமாக இருக்கிறதா, தட்டோட்டு இடுக்குகள் வெடித்திருக்கின்றனவா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஈரமான ஜல்லி வெப்பத்தை வேகமாகக் கடத்தும். பிரிட்டன் சுவர் கற்றுத்தந்த பாடம் இங்கேயும் பொருந்தும்.

அளப்பதற்கு இங்கே விசிறி பொருத்திய கதவெல்லாம் வேண்டாம். ஏசி இல்லாத, சன்னல் திறந்துகிடக்கும் வீட்டில் காற்றுக்கசிவைத் தேடுவது வீண்வேலை. இரண்டு வெப்பமானிகளும், தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்றும் போதும். நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் வகை பெரும்பாலும் நாற்பது டிகிரியைத் தாண்டியதும் எண் காட்டாது. பட்டறைகளில் பயன்படுத்தும் வகையை வாங்க வேண்டும். பளபளப்பான தகரத்தில் அது பொய் சொல்லும். அங்கே ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் காட்டிப் பார்க்கலாம். மழையில்லாத ஒரு மே மாத நாளில், மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மணிக்கொருமுறை தளத்தின் அடிப்பக்கம், நான்கு சுவர்கள், சன்னல் கண்ணாடி ஆகியவற்றின் சூட்டைக் குறிக்க வேண்டும். ஏன் மாலை என்றால், நண்பகலில் மொட்டை மாடியில் விழுந்த சூடு தளத்தைக் கடந்து கீழ்ப்பக்கம் வந்துசேர நான்கைந்து மணி நேரம் ஆகும். வெளியே காற்று ஆறிய பிறகும் படுக்கையறை கொதிப்பது இதனால்தான். தளம் சுவர்களைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் கூரைதான் குற்றவாளி. மேற்குச் சுவர் அதைவிடச் சூடாக இருந்தால், கூரைக்குச் செலவழிக்கும் முன் அந்தச் சுவருக்கு நிழல் தேட வேண்டும். மாடி வீடாக இருந்தால் இயற்கையே ஒரு சோதனைச்சாலையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. மேல்தள அறையிலும் அதற்கு நேர் கீழே உள்ள அறையிலும் ஒரே உயரத்தில் வெப்பமானிகளை வைத்து, மறுநாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் கருவிகளின் பிழை நீங்கிவிடும். எஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் கூரையின் பங்கு.

மின்சாரத்தை அளப்பது இன்னும் எளிது. பெரும்பாலான மின்னணு மீட்டர்களின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். சிறிய சிவப்பு விளக்கு அத்தனை முறை கண் சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய மின்விசிறியை முழு வேகத்தில் ஓட்டினால், அது 75 வாட் எடுக்குமானால் 15 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டும். எல்லாம் அணைந்திருக்கும்போதும் சிமிட்டல் தொடர்ந்தால், எங்கோ ஒன்று சத்தமில்லாமல் மின்சாரம் குடிக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஃபிரிட்ஜுக்கு இந்த முறை ஆகாது. அது விட்டு விட்டு ஓடும். ஒரு முழு நாளின் யூனிட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம், சாண்டரெகர் கண்டதை நம் வீட்டுக்குள் பார்ப்பதற்காக. பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதுவகை விசிறி முழு வேகத்தில் 30 வாட் அளவில் எடுக்கும். பழையதை மாற்றினால் மிச்சம் 45 வாட். கூடத்தில் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றும் விசிறி என்றால், இரண்டு மாத பில்லில் சுமார் 40 யூனிட் குறையும். அதே விசிறியை, நாளைக்கு இரண்டு மணி நேரமே ஆள் இருக்கும் முன்னறையில் மாட்டினால் குறைவது ஐந்து யூனிட் சொச்சம். ஒரே வீடு, ஒரே பொருள், ஒரே விலை, ஏழரை மடங்கு வித்தியாசம். பெட்டியின் மேல் அச்சிட்ட நட்சத்திரத்துக்கு இது தெரியாது. எந்த அறையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்த குடும்பத்துக்குத் தெரியும். நம்முடைய படிநிலைக் கட்டணத்தில் எந்தப் படியில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த 40 யூனிட்டின் மதிப்பும் மாறும். படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை.

மீட்டரை மட்டும் நம்பினால் வேறொரு அநியாயம் நேரும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆனது. அந்த நூறுக்குள்ளேயே வாழும் குடும்பங்கள் உண்டு; ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு விசிறி, இரண்டு விளக்கு. அங்கே சேமிக்க மின்சாரமே இல்லை. ஜெர்மனியில் ஓர் அறையில் ஒடுங்கியவர்களின் நிலைதான் இது, குளிருக்குப் பதில் வெக்கை. சேமிப்பை மட்டும் கேட்கும் மதிப்பீடு அந்த வீட்டைப் பார்த்து ‘செய்ய ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். வெப்பமானியை வைத்த மதிப்பீடு அங்கேதான் முதலில் கை வைக்கச் சொல்லும். இரவில் தூங்க முடியாத வெக்கை வேலைத்திறனையும் உடலையும் அரிக்கிறது. கைக்குழந்தையும் வயதானவர்களும் அதில் முதலில் துவண்டு போகிறார்கள். அந்தக் கூரையின் மேல் வெள்ளைப் பூச்சு ஒன்று போட்டால் பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, ஆனால் அந்தச் செலவு வீண் என்று எந்த அறிவியலும் சொல்லாது. ஆகவே நல்ல மதிப்பீட்டில் எண்கள் இரண்டு: எத்தனை யூனிட், எத்தனை டிகிரி. எதற்காகச் செலவழிக்கிறோம் என்பதை அந்தக் குடும்பத்தோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர் கூரைக்கு ஏன் செலவழிக்க வேண்டும், அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது ஆயிற்றே என்ற தடைகள் நிஜமானவை. முழுத் தீர்வு கைவசம் இல்லை. அளவு கையில் இருந்தால் பேச்சாவது தொடங்கும் என்பதுதான் சொல்லக்கூடியது. மேல்தள வீட்டுத் தளம் இரவு எட்டு மணிக்கு என்ன சூடு, நடுத்தள வீட்டில் என்ன சூடு என்ற இரண்டு எண்களைச் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசுவது, ‘ரொம்ப வேகுது சார்’ என்று முறையிடுவதைவிடப் பலன் தரும். நடுத்தளத்தில் இருப்பவருக்குக் கூரைப் பூச்சால் பெரிய லாபம் இல்லை என்பதையும் அதே எண்கள் நேர்மையாகக் காட்டிவிடும். அவருக்கு வேண்டியது மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி. வெளிப்பக்கம் என்பது முக்கியம். உள்ளே தொங்கும் திரையில் படும் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்.

வேலை முடிந்த பிறகும் அளக்க வேண்டும். மிக்சிகனில் அந்த மூன்று மடங்குப் பிழை தெரியவந்ததே, திருத்திய பிறகு யாரோ மீட்டரைப் படித்ததால்தான். இங்கே நாம் செய்ய வேண்டியது, முதலில் குறித்த அதே கருவியோடு, அதே அறையில், அதே மாலை நேரத்தில், வெயிலடித்த ஒரு நாளில் மறுபடி குறிப்பது. போன வருடத்து மேயும் இந்த வருடத்து மேயும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் தளத்தின் சூட்டைத் தனியாக ஒப்பிடாமல், வெளிக்காற்றுக்கும் தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பூச்சு முதல் வருடம் நன்றாக வேலை செய்யும். தூசும் பாசியும் படியப் படியப் பளிச்சென்ற தன்மை போய், திருப்பி அனுப்பும் வெயிலின் பங்கு குறையும். வித்தியாசம் மறுபடி கூடத் தொடங்கினால், பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிடும் முன் மாடியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒருமுறை குறித்துப் பார்க்கலாம்.